ஆரியங்காவுக் கணவாயை ஒரு பாட்டிலுக்குள் பார்க்கலாம்

தமிழ்நாட்டின் செங்கோட்டையிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் இருக்கும் புனலூருக்கு ரயிலில் சுமார் 50 கிலோமீட்டர். 1904இல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய பாதை, 2018இல் முழுவதும் அகலப் பாதையாகிவிட்டது. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து ஆரியங்காவு, கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம், தென்மலை என்று போகிற இந்தக் கொஞ்ச தூரத்துக்குள் மழை மாறுகிறது, தோட்டத்து மரம் மாறுகிறது, ஹோட்டல் மேஜையில் கொண்டுவந்து வைக்கிற தண்ணீரின் நிறம்கூட மாறுகிறது. வீட்டுச் சாமான்களை வைத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு, எல்லையோரம் குடியிருப்பது பெரிய வசதி. மலைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்துவிட்டால் இன்னும் நல்லது.

ஆப்ப சோடாவில் வினிகர் ஊற்றினால் நுரை பொங்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அதோடு முடிந்துவிடும். வீட்டுப் பரிசோதனை என்று காட்டப்படுவதில் பெரும்பகுதி இப்படித்தான் நிற்கிறது: செய்முறை உண்டு, கீழே ஒரு விளக்கம் உண்டு, அந்த விளக்கம் சரியா என்று கேட்க இடமில்லை. என் எண்ணத்தில், ஒரு விளக்கத்தைச் சொல்லிவிட்டு, ‘இது தப்பாக இருந்தால் வேறென்ன நடக்கும்?’ என்று அடுத்ததாக ஒன்றைச் செய்து பார்க்கிற இடத்தில்தான் பரிசோதனையே தொடங்குகிறது. அதற்கு ஆய்வகம் தேவையில்லை. அடுக்களையும் ஒரு நோட்டும் போதும்.

தண்ணீரிலிருந்தே ஆரம்பிக்கலாம். புளியரைச் செக்போஸ்ட்டைத் தாண்டி எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் இளஞ்சூடாக ரோஸ் நிறத் தண்ணீர் வரும். பதிமுகம் என்ற மரத்தின் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் முதல்முறை பார்த்ததும் “ஆச்சி, இதுல கலர் பொடி போட்டிருக்காங்களா?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வதைவிட எலுமிச்சம்பழத்தால் பதில் சொல்வது நல்லது. பாதி மூடியைப் பிழிந்தால் ரோஸ் நிறம் ஓடிப்போய் வெளிர் மஞ்சள் வந்துவிடும். இன்னொரு கிளாஸில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் நிறம் அடர்ந்து சிவக்கும். மரத்தின் வைரப்பகுதியில் உள்ள பிரேசிலின் என்ற பொருள் காற்றுப் பட்டுச் சாயமாக மாறுகிறது. அந்தச் சாயம் அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் நிற்கும்.

இதுவரை நடந்தது வேடிக்கைதான். இனிமேல் கேளுங்கள்: போன நிறம் திரும்பி வருமா? சாயம் அழிந்துவிட்டதென்றால் வராது. உருமாறி மட்டும் இருக்கிறதென்றால் வரவேண்டும். மஞ்சளாகிவிட்ட கிளாஸில் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் குமிழி கிளம்பும். அது கரியமில வாயு. குமிழி அடங்கும்வரை கலக்கிக் காத்திருந்து அடுத்த சொட்டை விடவேண்டும், ஏனென்றால் கரைந்து நிற்கிற வாயுவும் அமிலமாகவே நடந்துகொள்ளும். ஒரு கட்டத்தில் ரோஸ் திரும்பும். அதுவரை எத்தனை சொட்டு போனது என்று எண்ணியிருந்தால் அந்த எலுமிச்சையின் புளிப்பை அளந்துவிட்டீர்கள் என்று பொருள். மரத்திலிருந்து பறித்த பழம், கடையில் வாங்கிய பழம், ஒரு வாரம் கிடந்து சுருங்கிய பழம் மூன்றையும் ஒரே அளவு சாறு எடுத்து ஒப்பிடலாம். பள்ளி ஆய்வகத்தில் ப்யூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டு விட்டுச் செய்யும் தரம்பார்த்தல் இதேதான். புளிக்கரைசலில் செய்தால் அதன் பழுப்பு நிறம் கண்ணை ஏமாற்றும், மோர் கலங்கலாக இருக்கும். ஆகவே நிறமில்லாத சாறுகளே இதற்குச் சரி.

பதிமுகத்துக்குப் பக்கத்தில் மஞ்சள்தூளை வையுங்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் எலுமிச்சைக்கு அசையாது, ஆப்ப சோடாவுக்கும் லேசாகத்தான் மாறும், ஆனால் சுண்ணாம்பு பட்டால் ரத்தச் சிவப்பாகிவிடும். ஆரத்தித் தட்டில் நாம் பார்க்கிற நிறம் அது. ஆக, ஒன்று அமிலப் பக்கத்தில் பேசுகிறது, மற்றது வலுவான காரப் பக்கத்தில் பேசுகிறது. சோப்புத் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், சோற்றுக் கஞ்சி, பாத்திரம் விளக்கும் திரவம் எதை வேண்டுமானாலும் இரண்டிலும் தனித்தனியே சோதித்து, ரோஸ் மாறாமல் மஞ்சளும் மாறாமல் இருந்தால் அது நடுநிலைக்கு அருகில் இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பெரியவர்கள் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கொடுங்கள்.

அடுத்தது மெழுகுவத்தி. இதில் கொஞ்சம் நின்று பேசவேண்டும், ஏனென்றால் பல தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தவறான விளக்கம் சொல்லிக் கொடுத்த பரிசோதனை இது. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த கண்ணாடி கிளாஸ். சுடர் அணையும், தண்ணீர் கிளாஸுக்குள் ஏறும். ‘காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், அது எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பியது’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கேட்க ரொம்பப் பொருத்தமாக இருக்கும். கிரேக்கரான பைசாந்தியத்து ஃபிலோ கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதிவைத்திருக்கிறார் என்றால், எவ்வளவு காலமாக மனிதர்களை இது ஈர்த்திருக்கிறது பாருங்கள்.

அந்த விளக்கம் சரியென்றால் சுடர் எரிய எரியத் தண்ணீர் சீராக ஏறவேண்டும். உற்றுப் பாருங்கள்: எரியும்போது அவ்வளவாக ஏறாது, கிளாஸின் விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதுகூடச் சில நேரம் தெரியும். சுடர் அணைந்த பிறகுதான் தண்ணீர் சட்டென்று ஏறும். இன்னொன்றும் செய்யலாம். அதே கிளாஸ், அதே தண்ணீர், ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்று. கிளாஸுக்குள் இருக்கிற ஆக்சிஜன் அதே அளவுதான், ஆகவே தண்ணீரும் அதே உயரந்தான் ஏறவேண்டும். ஆனால் கூடுதலாக ஏறும். மூன்று சுடர் காற்றை அதிகம் சூடாக்கி விரியவைக்கிறது, விரிந்த காற்றில் ஒரு பகுதி கவிழ்க்கும்போதும் விளிம்பு வழியாகவும் வெளியே போய்விடுகிறது, மிச்சம் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் செலவாவது உண்மைதான், ஆனால் அதன் பங்கு சிறியது. மெழுகு எரிந்து செலவாகும் ஆக்சிஜனின் கொள்ளளவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, கரியமில வாயுவாகத் திரும்ப வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதுபோக, காற்றில் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடும். முழுவதும் தீர்வதில்லை.

அப்படியானால் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்பதை வீட்டில் பார்க்கவே முடியாதா? முடியும். துருவை வைத்துப் பார்க்கலாம். லேத் பட்டறையில் சீவி விழுகிற மெல்லிய இரும்புச் சுருளைக் கேட்டு வாங்கி, எண்ணெய்ப்பிசுக்கு போகச் சோப்புப் போட்டுக் கழுவி, வினிகரில் நனைத்து, உயரமான ஒடுக்கமான கண்ணாடிக் குப்பியின் அடியில் அழுத்தி வையுங்கள். குப்பியைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, துருப்பிடித்து முடியும்வரை ஓரிரு நாள் விடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரில் பெரும்பாலானவை துருப்பிடிக்காத எஃகு, இதற்கு ஆகாது. இரும்பு துருவாகும்போது வாயு எதுவும் திரும்ப வெளிவராது, சூடாகி விரிந்து கசியும் சிக்கலும் கிடையாது. காலையில் குறித்தால் மறுநாளும் அதே வேளையில், அதே அளவு வெக்கையில் பார்க்கவேண்டும். நீர்மட்டம் குப்பிக் காற்றின் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வந்து நின்றுவிடும். மேலும் நாட்கள் விட்டாலும் அதற்குமேல் ஏறாது. மெழுகுவத்தி சொன்னதாக நாம் நினைத்துக்கொண்டிருந்ததை உண்மையில் சொல்வது இந்தத் துருதான். இரண்டையும் அடுத்தடுத்துச் செய்த பிள்ளைக்குப் புத்தகத்தில் அச்சான விளக்கத்தையும் சோதிக்கலாம் என்ற தைரியம் வரும். எனக்கு அது மிகப்பெரிய விஷயமாகப் படுகிறது.

இனி மலைக்கு வருவோம். ஜூன் தொடங்கிச் சாரல் விழும்போது, கணவாய் வழியாக மேகம் வழிந்து இறங்குவதைப் பண்பொழி, இலஞ்சி, மேலகரம் எங்கிருந்தும் பார்க்கலாம். குற்றாலத்தில் அருவி கொட்டும். ஆனால் கிழக்கே பாவூர்சத்திரம், சுரண்டைப் பக்கம் போகப் போகக் காற்று மட்டும்தான் மிஞ்சும், காற்றாலை சுற்றும். மேகம் எங்கே கரைந்தது?

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலில் அடி நனையும் அளவு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி மூடி, குலுக்கி, அமுக்கிவிட்டுச் சட்டென்று விடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. இப்போது ஒரு தீக்குச்சியைக் கிழித்து அணைத்து, அந்தப் புகையைப் பாட்டிலுக்குள் கொஞ்சம் இழுக்கவிட்டு மூடுங்கள். ஊதுபத்திப் புகையும் போதும். மறுபடி பலமாக அமுக்கி, விடுங்கள். விட்ட கணத்தில் உள்ளே வெள்ளையாக மேகம் திரளும். அமுக்கினால் மறையும். பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துப் பக்கவாட்டில் செல்போன் டார்ச் அடித்தால் நன்றாகத் தெரியும்.

அமுக்கும்போது காற்று நெருங்கிச் சூடாகிறது. விடும்போது விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் நீராவி தங்கமுடியாமல் துளியாகிறது, ஆனால் துளி உட்கார ஒரு தூசு வேண்டும். புகை அதைக் கொடுக்கிறது. புகையில்லாமல் முதலில் செய்து பார்த்தது அதற்காகத்தான். அந்த ஒப்பீடு இல்லாவிட்டால், நீங்கள் பார்த்த வெள்ளை மேகமா வெறும் புகையா என்று யாராவது கேட்டால் பதில் இருக்காது. அமுக்கினால் மறைகிறதே, புகையென்றால் மறையுமா என்றும் திருப்பிக் கேட்கலாம்.

மலையில் நடப்பது அப்படியே இதுதான். அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று தென்மலைப் பக்கம் சரிவில் ஏறுகிறது. உயரத்தில் அழுத்தம் குறைவு, ஆகவே காற்று விரிகிறது, விரிந்து குளிர்கிறது. மேகம் கட்டாத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிரும். மேகம் கட்டத் தொடங்கிவிட்டால் நீராவி துளியாகும்போது விடும் வெப்பத்தால் குளிர்வது மெதுவாகும். பாட்டிலிலிருந்து கையை எடுப்பது மேற்குச் சரிவு. கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்றை மேலிருக்கும் அழுத்தம் நெருக்குகிறது. மறுபடி சூடாகிறது, மேகம் கரைகிறது. பாட்டிலை அமுக்குவது நம் கிழக்குச் சரிவு. மழைமறைவு என்று பாடத்தில் படித்ததை உள்ளங்கையில் மாற்றி மாற்றிச் செய்து பார்க்கலாம்.

மேகத்தைக் குப்பிக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. ஸ்காட்லாந்தின் சி.டி.ஆர். வில்சன் 1894 செப்டம்பரில் பென் நெவிஸ் மலையுச்சி வானிலை நிலையத்தில் சில வாரங்கள் இருந்தபோது, மேகத்தின்மேல் வெயில் பட்டுத் தோன்றிய வண்ண வளையங்களில் மயங்கி, கீழே வந்து அதை ஆய்வகத்தில் உண்டாக்க முயன்றார். தூசியே இல்லாத காற்றிலும் மின்னூட்டம் பெற்ற துகள்கள்மேல் துளி உட்காரும் என்று கண்டார். அந்தக் கருவி அணுத்துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டும் மேக அறையாக வளர்ந்தது. 1927இல் பரிசு வந்தது. ஒரு மலையைப் பார்த்து எழுந்த ஆசை அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

ஆரியங்காவைத் தாண்டினால் ரப்பர். அங்கே பால்வெட்டுக்குப் போய்வருகிற தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அந்த ரப்பரிடம் பலர் கவனித்திராத ஒரு குணம் உண்டு. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றை மேலுதட்டில் ஒட்ட வைத்துக்கொண்டு சட்டென்று இழுங்கள்: சுடும். இழுத்தபடியே சிறிது நேரம் வைத்திருந்து, தளர்த்தி உடனே உதட்டில் வையுங்கள்: குளிரும். விரல் நுனியைவிட உதட்டுக்கு இது நன்றாகத் தெரியும். 1805இல் இதை எழுதியவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப். சிறுவயதில் அம்மை வார்த்துப் பார்வை இழந்தவர், உதட்டால்தான் அளந்தார். பிறகு 1859இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் அளவுகளோடு உறுதி செய்தார்.

இதற்கு மறுபக்கமும் இருக்கவேண்டும் அல்லவா? இழுத்தால் சூடாகிற பொருள், இழுபட்ட நிலையில் சூடாக்கினால் சுருங்கவேண்டும். ஆணியில் ரப்பர் பேண்டை மாட்டி, நன்றாக நீளும் அளவுக்கு ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, பின்னால் ஸ்கேல் வையுங்கள். முடி உலர்த்தும் டிரையரைத் தூரத்தில் பிடித்துச் சூடுகாட்டினால் பூட்டு மேலே ஏறும், சில மில்லிமீட்டர்தான், ஆனால் தெரியும். கம்பியோ கயிறோ இப்படிச் செய்யாது. ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட இழைகள். தாறுமாறாகச் சுருண்டு கிடப்பதே அவற்றின் இயல்பு. இழுத்தால் நேராகின்றன. சூடு ஏற ஏற அவற்றின் உதறல் கூடி, மறுபடி சுருளப் பார்க்கின்றன.

தேங்காயெண்ணெயைப் பற்றிச் சுருக்கமாக. ஏறக்குறைய 24 டிகிரியில் அது உறையும், ஆகவே மார்கழிக் காலையில் அலமாரியில் இருக்கிற எண்ணெய் பாட்டிலே ஒரு வெப்பமானி. உறைந்த எண்ணெயில் ஒரு கட்டியை எடுத்து உருகிய எண்ணெயில் போட்டால் மூழ்கும்; ஐஸ்கட்டி தண்ணீரில் மிதக்கும். பெரும்பாலான பொருட்கள் தேங்காயெண்ணெய் மாதிரிதான், தண்ணீர்தான் விதிவிலக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள், ஆச்சரியப்படுவார்கள். ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் கலப்படமில்லாத எண்ணெய் என்று சொல்லப்படுவதை மட்டும் நம்பவேண்டாம். எண்ணெய்ப்பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயும் கிட்டத்தட்ட அதே சூட்டில் உறையக்கூடியது. கலந்திருந்தாலும் அந்தச் சோதனை காட்டாது.

விலையில்லாப் பொருளை வைத்து இப்படிச் செய்து பார்க்கும் வழக்கத்துக்கு எல்லையின் இருபுறமும் இயக்கமாகவே வரலாறு உண்டு. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1962இல் தொடங்கியது, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டம் கிராமப் பள்ளிகளில் பாடத்தையே பரிசோதனையாக்கி 2002 வரை நடந்தது. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றைத்தான் ஆராய்ந்து கொண்டுபோகவேண்டும். ஊர்ப் பொருளை எடு, ஊர்க் கேள்வியைக் கேள் என்பது இவர்களிடமிருந்து நாம் வாங்கிக்கொள்ளவேண்டியது.

அப்படி ஊர்க் கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் அக்காவையோ அத்தையையோ கட்டிக்கொடுத்த குடும்பமாக இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம். இரண்டு வீட்டிலும் ஒரே அளவு மண்பானை, ஒரு லிட்டர் தண்ணீர், நிழலில் ஒரே மாதிரி இடம். பானைத் தண்ணீர் குளிர்வது அதன் மேற்புறம் கசிந்து ஆவியாவதால். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதே ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையானதைப்போல் சுமார் 580 மடங்கு. வெளிச்சூடு உள்ளே புகாதென்றால், லிட்டரில் 10 மில்லி போனாலே மிச்சம் ஐந்தாறு டிகிரி குளிரவேண்டும். காற்று ஈரமாக இருந்தால் ஆவியாவது குறையும். ஜூலையில் ஒரே நாளில் புனலூரிலும் செங்கோட்டையிலும் எந்தப் பானை கூடுதலாகக் குளிரும்? சாரல் விழும் நாளும் வெயில் காயும் நாளும் ஒன்றாக இருக்குமா? காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. சிவப்புத் திரவம் உள்ள சாதாரண ஆய்வக வெப்பமானி இரண்டு வாங்கி, முதலில் இரண்டையும் ஒரே டம்ளரில் விட்டு ஒரே அளவு காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; வித்தியாசம் இருந்தால் குறித்துவைத்துப் பிறகு கழித்துக்கொள்ளலாம். காலை ஏழு மணி, பகல் இரண்டு மணி, மாலை ஆறு மணிக்குத் தண்ணீரின் சூட்டையும் பானைக்குப் பக்கத்துக் காற்றின் சூட்டையும் இரண்டு வீட்டிலும் எழுதி, இரவில் போனில் ஒருவருக்கொருவர் படித்துக்காட்டுங்கள். எண்ணைக் கேட்பதற்கு முன், எந்த வீட்டில் வித்தியாசம் அதிகம் வரும் என்று பிள்ளைகள் தங்கள் ஊகத்தைக் காரணத்தோடு நோட்டில் எழுதி வைத்திருக்கவேண்டும்.